உள் உதடுகள் வெளியே தெரிவது குறைபாடா? திருமணத்துக்கு முன் ஒரு சந்தேகம்

கோவைத்தென்றல் எழுதியது:

எனக்கு 27 வயது. வரும் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நேரில் யாரிடமும் கேட்க வாய் வராத ஒரு சந்தேகத்தை இங்கே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுமையோடு படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

என் பிறப்புறுப்பின் உள் உதடுகள் வெளி உதடுகளுக்குள் அடங்காமல் வெளியே தெரிகின்றன. இடப்பக்கத்து உதடு வலப்பக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு விரற்கடை கூடுதலாக நீண்டிருக்கிறது. ஓரங்கள் சுருக்கங்களோடும், நிறம் என் உடல் நிறத்தைவிட நன்றாகக் கறுத்தும் இருக்கின்றன. வலி, அரிப்பு, புண் எதுவும் இல்லை. மாதவிலக்கும் ஒழுங்காகவே வருகிறது. மூன்று மாதங்களுக்கு முன்வரை இதை ஒரு பிரச்சினையாக நான் நினைத்ததே கிடையாது.

அப்போதுதான் கைபேசியில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்களைப் போட்டிருந்தார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த படம் அப்படியே என்னைப் போலவே இருந்தது. அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு நிம்மதி இல்லை. அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, யாரும் என்னைப் பரிசோதிக்காமலேயே, நான் சொன்ன விவரங்களை மட்டும் வைத்து, "இது அதிகப்படியான வளர்ச்சி, திருமணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பாகவே லேபியாபிளாஸ்டி, அதாவது உள் உதடுகளை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை, செய்து சரிப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. உதடுகள் இப்படி நீண்டும் கறுத்தும் இருந்தால், அந்தப் பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்று கணவருக்குத் தெரிந்துவிடும் என ஒரு காணொளியின் கீழே பலர் எழுதியிருந்தார்கள். இது உண்மையா? அறுவை சிகிச்சை அவசியமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மகளிர் மருத்துவர், மதுரை எழுதியது:

மகளே, நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பவற்றில் நோயும் இல்லை, குறைபாடும் இல்லை. மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றியவள் நான். பிரசவ அறையிலும் புறநோயாளர் பிரிவிலும் பரிசோதித்த அத்தனை பெண்களில், ஒருவருக்கு இருந்தது போலவே இன்னொருவருக்கு இருந்து நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தவர்கள்தாம் அரிது.

சொற்களைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். யோனி என்பது கருப்பைவாயிலிருந்து வெளிப்புறம் வரும் குழாய். அது உடலுக்குள் இருக்கிறது. வெளியே தெரிவது புறப் பிறப்புறுப்பு. முடி வளரும், சதைப்பற்றான வெளி உதடுகள் இரண்டு. அவற்றுக்கு இடையே முடி இல்லாத, மெல்லிய மடிப்புகளான உள் உதடுகள் இரண்டு. அவை மேலே கூடும் இடத்தில் தோல்மடிப்பு மூடிய, கிளிட்டோரிஸ் என்னும் உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு. அதற்குக் கீழே சிறுநீர்த் துளை. அதற்கும் கீழே யோனியின் வாய். இவை அனைத்தையும் சேர்த்துப் பேச்சில் 'கீழே' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சங்கப் பாடல்களில் வரும் அல்குல் என்ற சொல்லுக்கு எந்த உறுப்பு என்பதில் உரைகாரர்களிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சொல்லை எழுதுவதில் அன்றைய புலவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றோ மெத்தப் படித்த பெண்கள்கூட என் எதிரில் அமர்ந்து, எந்த இடம் என்று சொல்ல முடியாமல் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். இந்த மௌனத்தில்தான் விளம்பரக்காரர்கள் நுழைகிறார்கள்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டனில் மாதவிலக்கு நிற்காத வயதுடைய 50 பெண்களை மருத்துவர்கள் அளந்து, 2005-இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேலிருந்து கீழாக உள் உதட்டின் நீளம் ஒருவருக்கு 20 மில்லிமீட்டர், இன்னொருவருக்கு 100 மில்லிமீட்டர். அடியிலிருந்து ஓரம் வரையிலான அகலம், அதாவது நீங்கள் கவலைப்படும் அந்த 'வெளியே நீளும்' அளவு, 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. பெரும்பாலோருக்கு அந்தப் பகுதி சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தே இருந்தது. பின்னர் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 657 பெண்களை அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது: அகலம் 1 மில்லிமீட்டரிலிருந்து 61 மில்லிமீட்டர் வரை. இவர்கள் யாரும் உறுப்பின் அமைப்பு சரியில்லை என்று சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர். இத்தனை அகன்ற எல்லைக்குள் எந்த இடத்தில் கோடு கிழித்து 'அதிகப்படியான வளர்ச்சி' என்று சொல்ல முடியும்? தொலைபேசியிலேயே அந்தக் கோட்டைக் கிழித்தவர் மருத்துவம் பேசவில்லை.

உங்கள் பெரிய பயத்துக்கும் அந்த லண்டன் ஆய்விலேயே பதில் இருக்கிறது. வயது, பிள்ளைப்பேறு, இனம், ஹார்மோன் மருந்துகள், உடலுறவு அனுபவம் ஆகிய ஒவ்வொன்றோடும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புள்ளியியல் அடிப்படையில் எதனோடும் தொடர்பு இல்லை. உள் உதடுகள் பூப்படையும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்கின்றன. மூக்கின் நீளத்தையும் காது மடலின் வடிவத்தையும் போல அந்த வளர்ச்சியும் பிறப்பிலேயே ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக அமைகிறது. ஒரு பெண்ணின் உதடுகளைப் பார்த்து அவளது வாழ்க்கையைச் சொல்லிவிட யாராலும் முடியாது, மருத்துவராலும் முடியாது.

கன்னித்திரையின் கதையும் இதுதான். அது துவாரத்தை மூடியிருக்கும் திரை அன்று. துவாரத்தின் ஓரத்தில் வளையம் போலவோ பிறை போலவோ அமைந்த மெல்லிய திசு. சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும். சிலருக்குப் பிரசவம் வரையிலும் நெகிழ்ந்து கொடுக்கும். முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம். இதைப் பார்த்துக் கன்னித்தன்மையைக் கண்டறியும் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் கூட்டாக அறிவித்தன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் யோனிக்குள் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனை, அந்தப் பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று நம் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராவார் என்றே தீர்ப்பளித்தது. திருமணத்துக்கு முன் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதற்காக வருந்துகிறேன்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்குளும் மார்புக் காம்பும் எதனால் கறுக்கின்றனவோ அதே நிறமியால்தான் இந்தப் பகுதியும் கறுக்கிறது. கர்ப்ப காலத்தில் இன்னும் கறுக்கலாம். வெளுக்கச் செய்யும் களிம்பு எதையும் அங்கே தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பல மாதங்கள் தடவித் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து வந்தவர்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

இனிக் கண்ணாடி வைத்துப் பார்க்கத் தொடங்கினால் வேறு சிலவும் உங்கள் கண்ணில் படும் என்பதால் அவற்றையும் சொல்லிவைக்கிறேன். உதடுகளில் கடுகைவிடச் சிறிய, மஞ்சள் கலந்த வெண்புள்ளிகள் இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். யோனி வாயை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல, மென்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனி அடியோடு வரிசையாக நிற்கும் மிகச் சிறிய முனைகள் சிலருக்கு உண்டு. அதுவும் இயல்பே. பால்வினை மரு என்று தவறாக நினைத்து அதைச் சுட்டு எடுக்கச் சொன்ன சம்பவங்கள் உண்டு. உண்மையான மரு கரடுமுரடாக, ஒழுங்கின்றி, ஒரே அடியிலிருந்து பல முனைகளாகக் கிளைத்து நிற்கும். புதிதாகத் தோன்றிப் பெருகும். ஐயம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாம்பாதி எழுதியது:

தங்கை, 32 வயதில் உங்களைப் போலவே பயந்து, கேட்பதற்கு ஆள் இல்லாமல், அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள் நான். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஊர், எந்த இடம் என்பதை எழுத விரும்பவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு மணி நேர வேலை, மூன்றாம் நாள் அலுவலகம் போகலாம் என்றார்கள். ஐந்தாம் நாள் வலப்பக்கத் தையல் பிரிந்தது. சீழ் பிடித்து, மாத்திரைகளும் கட்டும் மாற்றி மாற்றி, நிமிர்ந்து உட்கார ஐந்து வாரங்கள் ஆயின. ஆறிய பிறகு அந்த ஓரத்தில் ஒரு தடித்த தழும்பு நின்றுவிட்டது. இறுக்கமான உடை உரசினால் இன்றும் சுருக்கென்று குத்துகிறது. அதன் அருகிலேயே ஓர் இடத்தில் தொட்டால் எதுவும் தெரிவதில்லை. உள் உதடுகள் வெறும் உபரித் தோல் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவை நரம்புகள் நிறைந்தவை என்பதையும், யோனி வாயையும் சிறுநீர்த் துளையையும் உலர்ந்துவிடாமல் காப்பவை என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

பிற்பாடு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் கழகம் 2020 ஜனவரியில் தன் உறுப்பினர்களுக்கு விடுத்த அறிவுரையில், இவ்வகை அழகு அறுவை சிகிச்சைகளின் பயனை உறுதிசெய்யும் தரமான சான்றுகள் இல்லை என்பதையும், வலி, இரத்தக் கசிவு, தொற்று, தழும்பு, உணர்வு மாற்றம், மறு அறுவை சிகிச்சை ஆகியவை நேரலாம் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று கூறியிருக்கிறது. எனக்கு நீட்டப்பட்ட ஒப்புதல் படிவத்தில் இவற்றுள் பாதிகூட இல்லை. லேசர் கருவி கொண்டு யோனியை 'இளமையாக்கும்' சிகிச்சைகளைப் பற்றியும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்திருக்கிறது. தீக்காயமும் நாள்பட்ட வலியும் ஏற்பட்டதாக முறையீடுகள் வந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. நடக்கும்போதும் மிதிவண்டி ஓட்டும்போதும் உள் உதடு மடங்கி உரசிப் புண்ணாகும் பெண்கள் உண்டு. அவர்களில் சிலருக்குத் தளர்ந்த உடையாலும் களிம்பாலும் தீராமல், நல்ல அறுவை மருத்துவரிடம் செய்துகொண்ட பிறகே நிம்மதி கிடைத்தது என்றும் கேள்விப்படுகிறேன். உடலுக்கு உபாதை இருந்து தேடும் சிகிச்சை அது. எனக்கு எந்த உபாதையும் இருக்கவில்லை. உங்களுக்கும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோவைத்தென்றல் எழுதியது:

மருத்துவர் அம்மாவின் பதிலை மூன்று முறை படித்தேன். இரண்டாம்பாதி அக்கா, இவ்வளவு வலியை மறுபடி நினைத்து எனக்காக எழுதியிருக்கிறீர்கள்; நன்றி என்ற சொல் போதாது. அந்த நிலையத்தில் முன்பணம் கட்டவில்லை, இனிக் கட்டவும் மாட்டேன்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு மாதத்தில் பல நாள்கள் வெள்ளைப்படுகிறது. சில நாள் தண்ணீர் போலவும், சில நாள் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் தன்மையோடும் இருக்கிறது. கறுப்பு நிற உள்ளாடைகள் அந்த இடத்தில் மட்டும் வெளிறிப் போய்விடுகின்றன. எலும்பு உருகித்தான் வெள்ளையாகப் போகிறது, அதனால்தான் நீ மெலிந்திருக்கிறாய் என்று பாட்டி சொல்கிறார். விளம்பரங்களில் வரும் வாசனைக் கழுவுநீரை வாங்கி நான்கு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். அதன்பின் இலேசாக எரிகிறது.

கிராம சுகாதாரச் செவிலியர், திண்டுக்கல் எழுதியது:

அந்தக் கழுவுநீரை இன்றே நிறுத்திவிடு, தங்கை. எரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. இரண்டு வாரங்களில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களுக்கு உறவு முறை என்று வைத்துக்கொள்ளலாம். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து யோனியின் அமிலத்தன்மையைப் பிஎச் 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. தக்காளிச் சாற்றின் புளிப்பு ஏறத்தாழ அந்த அளவுதான். கெட்ட கிருமிகள் பெருகாமல் தடுப்பது இந்தப் புளிப்பு. கறுப்புத் துணியின் சாயத்தை வெளுப்பதும் இதே புளிப்புதான். துணி வெளுக்கிறது என்றால் அமிலம் தன் வேலையைச் செய்கிறது என்று நினைத்துக்கொள். சோப்பையோ வாசனைத் திரவத்தையோ கிருமிநாசினியையோ உள்ளே விட்டால் அந்தக் காவல் குலைகிறது. வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதுமானது. யோனி தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். நாம் உள்ளே கழுவ வேண்டியது ஏதும் இல்லை.

நீ சொல்லும் வெள்ளைப்படுதல், மாதச் சுழற்சியோடு மாறும் இயல்பான கசிவு. கருமுட்டை வெளிவரும் நாள்களில் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இழுபடும். அதன்பின் கெட்டியாகிக் குறையும். காய்ந்தால் துணியில் இளமஞ்சள் கறை தெரியும். எலும்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாட்டியைக் குறை சொல்லவில்லை. எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்களில் மிகப் பலர் இதே கவலையோடுதான் வருகிறார்கள், அசதி, முதுகுவலி, வெள்ளைப்படுதல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளைப்படுகிறது என்று முறையிடுவதற்குத் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்ப நெருக்கடியும் வலுவான காரணங்களாக நிற்பதைக் காட்டியது. அதைப் படித்தபோது நான் பல ஆண்டுகளாகக் கண்டுகொண்டிருந்த முகங்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்களின் அசதி மெய்யானது. இரத்தசோகையும் ஓய்வின்மையும் மனத்துயரமும் அதன் காரணங்களாக இருக்கும்போது, வெள்ளைப்படுதலுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நோயின் அடையாளங்கள் வேறு. திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகப் பட்டு, கடும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்று; அது திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட வேண்டும். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துவிட்டன என்று பொருள். பச்சை கலந்த மஞ்சளாக, நுரையோடு வந்தால் உடலுறவு வழியே பரவும் தொற்றாக இருக்கலாம். அப்போது கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் குணமாகும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டால் தாமதிக்கவே கூடாது. இவை அனைத்துக்கும் மருந்து உண்டு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

கண்ணாடியில் தெரியும் இடத்துக்காக இவ்வளவு கலங்கும் நாம், கண்ணாடியில் தெரியாத கருப்பைவாயை மறந்துவிடுகிறோம் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். எங்கள் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை. ஒரே ஒரு முறை அதைச் செய்ததாலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நம் கிராமத்துப் பெண்கள் கூச்சத்தை விட்டு வந்து படுத்ததால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு அது. உனக்கு இன்னும் வயது இருக்கிறது. 30 ஆனதும் மறக்காதே. உன் அம்மாவை இந்த மாதமே அழைத்துச் செல்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

தென்றலின் கேள்விக்கு இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு நேர் எதிரான கவலை. உள் உதடுகள் முன்பு இருந்ததைவிடச் சுருங்கிப் போயிருக்கின்றன. வறட்சியும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிகிறது. இரவில் அரிப்பு தூங்க விடுவதில்லை. இந்த வயதில் இதைப் போய்க் காட்டுவதா என்று ஓராண்டாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்.

ஓய்வுபெற்ற மகளிர் மருத்துவர், மதுரை எழுதியது:

மல்லிகைப்பந்தல் அம்மாவுக்கு முதலில் எழுதுகிறேன், ஏனெனில் இந்த இழையில் விரைந்து மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தாம். வறட்சியும் எரிச்சலும் உதடுகள் ஓரளவு மெலிவதும், மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெரும்பாலோருக்கு வருபவை. தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் களிம்பால் பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளைத் திட்டும் இரவு அரிப்பும் வயதின் இயல்பு அல்ல. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்றொரு தோல்நோய் இப்படித்தான் தொடங்கும். விட்டுவிட்டால் உதடுகள் ஒட்டிக் கரைந்து, துவாரமும் சுருங்கும். நாள்பட்ட சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் உண்டு. வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லும் அளவில் முறையாகத் தடவினால் நோய் கட்டுப்படும். சற்று முன் நான் ஸ்டீராய்டு களிம்பைக் கண்டித்ததைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். வெளுப்பாக வேண்டும் என்று கண்டதைத் தடவுவது வேறு, நோய்க்கு மருந்தாகத் தடவுவது வேறு. தேவைப்பட்டால் தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஓராண்டு போனது போனதாக இருக்கட்டும், இந்த வாரமே செல்லுங்கள்.

இந்த ஒப்பீட்டையே தென்றலும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் வடிவம். அம்மாவுடையது புதிதாக வந்த மாற்றம். மருத்துவர் தேடுவது மாற்றத்தைத்தான்: ஆறாத புண், புதிய கட்டி, விடாத அரிப்பு, நிறம் மாறிப் பரவும் மச்சம், இடையிடையே வரும் இரத்தம், மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் வரும் ஒரு சொட்டு இரத்தம்கூட. யோனி வாயின் அடிப்பக்கம் ஒரு புறத்தில் மட்டும் வீங்கினால் அங்குள்ள சுரப்பியின் வழி அடைபட்டிருக்கலாம். வலி இல்லாத சிறு வீக்கம் பெரும்பாலும் தானே வடியும், சீழ் பிடித்தால் திறந்துவிட வேண்டும்.

திருமணத்துக்கு முன் ஒரு முறை மகளிர் மருத்துவரைப் பார்த்து மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் செல்லுங்கள். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்துப் போனால் பார்ப்பது எளிது. அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் களிம்பு எதுவும் தடவ வேண்டாம், முடியை மழிக்க வேண்டிய தேவையும் இல்லை. உறவு அனுபவம் இல்லை என்று சொல்லுங்கள். வெளிப்புறத்தை மட்டும் பார்த்தால் போதும், உள்ளே எந்தக் கருவியும் நுழைக்க வேண்டியதில்லை. பெண் செவிலியர் அருகில் நிற்க வேண்டும் என்று கேட்பதும், நடுவில் நிறுத்தச் சொல்வதும் உங்கள் உரிமை. ஒரு சிறு கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நல்ல மருத்துவர் அதை உங்கள் கையிலேயே பிடிக்கச் சொல்லி, எது எது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

கோவைத்தென்றல் எழுதியது:

அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன், அம்மா. கண்ணாடியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். என் அம்மாவும் உடன் வருகிறார். அவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் அதே நாளில் சொல்லியிருக்கிறேன். மல்லிகைப்பந்தல் அம்மா, நீங்கள் போனீர்களா என்று எழுதுங்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

இன்று காலை போய் வந்தேன். மருத்துவர் அம்மா சொன்ன அதே நோயின் பெயரைத்தான் அவரும் சொன்னார். களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார், சிறு துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார். முடிவு பத்து நாள்களில் வரும். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.